வெட்டித் தந்த மாத்திரையில் பெயர் இல்லை
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 67 வயது. இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தியதிலிருந்து, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார்கள். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஆத்தா பள்ளத்தூர் வீட்டில், துணைக்கு ஒரு பெண்ணோடு இருக்கிறார்கள். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நடப்பதற்குள் முழங்கால் கடுக்கிறது என்று, அந்தப் பெண்ணை அனுப்பி மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் பத்து நாட்களாகப் போட்டுவருவது இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாப்பிட்ட பிறகே போடுவதாகவும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை சென்ற வாரம் 2.8 என்று சரியாக வந்ததாகவும் சொல்கிறார்கள். பயமில்லைதானே?
– வாசகர், சென்னை

பதில்: பயப்பட வேண்டியதுதான். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 2.8 நல்ல அளவு. ஆனால் அந்த எண் வார்ஃபரின் செய்யும் வேலையை மட்டுமே காட்டும். வலி மாத்திரை செய்யும் வேலை அதில் தெரியாது.

உங்கள் பக்கத்துக் கண்மாயில் கரை உடைந்தால் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் மண்மூட்டைகளை அடுக்குவார்கள். பிறகு களிமண்ணைக் கொட்டி இறுக்குவார்கள். இரத்தக்குழாயில் காயம் ஏற்பட்டால் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது மூட்டை அடுக்குவது போன்றது. உறைதல் காரணிகள் சேர்ந்து வலை பின்னி அதை இறுக்குவது களிமண் போன்றது. கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு உருவாக்கும் உறைதல் காரணிகளில் சிலவற்றை வார்ஃபரின் குறைக்கிறது, ஐ.என்.ஆர். அளப்பது இந்தக் களிமண்ணை மட்டும். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தளர்த்துகின்றன. ஆஸ்பிரின் இன்னும் ஒரு படி மேல். அது தொட்ட தட்டணு, தன் ஆயுளான 7 முதல் 10 நாட்களும் மீள்வதில்லை. இதோடு நிற்காமல், இரப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையும் இம்மாத்திரைகள் குறைப்பதால் அங்கே புண் உண்டாகிறது. அதாவது, அடைக்க ஆளில்லாத நேரத்தில் கரையையும் இவையே உடைக்கின்றன.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிற்றை ஒன்றும் செய்யாது என்பது நம் ஊர்களில் ஊறிப்போன நம்பிக்கை. மாத்திரை இரத்தத்தில் கலந்த பிறகும் இரப்பையின் காப்பைக் குறைக்கிறது என்பதால் சோறு அதைத் தடுக்காது. பான்டோப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரை இரப்பைப் புண்ணைக் குறைக்குமே தவிர, குடலின் கீழ்ப்பகுதியிலோ மூளையிலோ ஏற்படும் கசிவுக்கு அது காவல் அல்ல.

ஆகவே வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதயநோய் மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளில் சிறிய அளவு ஆஸ்பிரினும் இருக்கலாம்; அது அவர் தெரிந்தே தந்தது, அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். வார்ஃபரினையும் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். உலோக வால்வில் இரத்தம் கட்டியாக உறைந்தால் அது உயிருக்கே ஆபத்து. மலம் தார் போலக் கறுத்து ஒட்டுகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குகிறதா, ஈறில் இரத்தம் வருகிறதா, படாத இடத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று இப்போதே தொலைபேசியில் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்; அதனால்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடக் கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும், திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் காரைக்குடிக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் முதியவர்கள் மஞ்சள் பையைக் கவிழ்த்தால், நான்கு நான்காக வெட்டிய அட்டைத் துண்டுகள் விழுகின்றன. அலுமினியத் தாளில் '...ஃபெனாக்' என்று பாதிப் பெயர் இருக்கும். மீதிப் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் இருக்கும் பாதி அட்டையோடு போயிருக்கும். மருந்தின் பெயரையே அறியாமல் சாப்பிடுபவரிடம் 'இதைச் சாப்பிடாதீர்கள்' என்று நான் எப்படிச் சொல்வது? ஆத்தாவுக்கு எதை வாங்கினாலும் பெயர் உள்ள முழு அட்டையாக வாங்கி, உங்களுக்குப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பாராசிட்டமாலோடு ஐபுப்ரூஃபனோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய விற்கின்றன. 'பாராசிட்டமால்' என்ற ஒரு சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வலிக்கு, வேறெதுவும் சேராத பாராசிட்டமால் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, தேவைப்பட்டால் மட்டும், நாளைக்கு நான்குக்கு மேற்படாமல். அதையும் சில நாட்கள் தொடர்ந்து நாளைக்கு 2 கிராம் வரை சாப்பிட்டால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும் என்பதால், மூன்று நான்கு நாட்களைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். கல்லீரல் கோளாறு இருந்தால் இந்த அளவும் அதிகம். இடுப்பில் 'ஒரு ஊசி' போட்டுக்கொள்வதும் வேண்டாம். பெரும்பாலும் அதே டைக்ளோஃபெனாக்தான், போட்ட இடத்தில் தசைக்குள் இரத்தமும் கட்டும். தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் கைத்தடியும்தான் அந்த முழங்காலுக்கு நெடுநாள் உதவும்.

கேள்வி: எனக்கு 58 வயது. சீரற்ற இதயத்துடிப்புக்காக, இரத்தம் உறைவதைக் குறைக்கும் அபிக்சபான் சாப்பிடுகிறேன், இதற்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை என்றார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கவிருக்கிறேன். வழியில் கால்வலிக்கு மாத்திரை தருவார்கள், வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூடாது. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம் என்பதற்கு, வேறு மருந்தோடு மோதாது என்று பொருள் இல்லை. அபிக்சபான், அதைப் போலவே இரத்தம் உறைவதைக் குறைக்கும் ரிவரோக்சபான், டாபிகாட்ரான் ஆகிய மூன்றோடும் வலி மாத்திரை சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். வெயிலில் நடந்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது இம்மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அபிக்சபானின் ஒரு பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அது உடலில் தேங்கவும் கூடும். தண்ணீர் குடியுங்கள், தங்குமிடத்தில் காலை உயர்த்தி வையுங்கள், பாராசிட்டமாலை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். அன்போடு கொடுப்பவரிடம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். நடக்கலாமா என்பதை உங்கள் இதயநோய் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வலித் தைலம் தேய்க்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: எப்போதாவது, சிறிதளவு, ஓரிடத்தில் தேய்ப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் பல தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. இரண்டு முழங்காலிலும் முதுகிலும் நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் தோல் வழியே உள்ளே சென்று ஐ.என்.ஆரை ஏற்றியதுண்டு. டைக்ளோஃபெனாக் களிம்பு மாத்திரையைவிட மிகக் குறைவாகவே இரத்தத்தில் கலக்கும் என்றாலும், வாரக்கணக்கில் பூசுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பூசுங்கள்.