டூல் ஓகே சொன்ன பிறகு என்ன பார்ப்பது? கேள்வி பதில்

கண் தெரியாதவர்களும் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் நம் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த முடிகிறதா என்று பிரவுசரிலேயே டூல் வைத்துச் சோதிக்கலாம், டூல் பிடிக்காததை நாம்தான் பார்க்க வேண்டும். அதைப் பற்றி ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்டவை இவை.

பாம்பன், கருவாட்டுக் கடை: அண்ணே, எந்த டூல் போடுவது? காசு கேட்குமா?

வேவ் போடுங்கள், இலவசம்தான். வெப்எய்ம் அமைப்பு தருவது, குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றுக்கும் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சின்ன மென்பொருள், இருக்கிறது. உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஓடுவதால் லாகின் செய்த பிறகு வரும் பக்கத்தையும் சோதிக்கலாம். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஆர்டர் போடும் பக்கத்தில்தான் ஆட்கள் மாட்டுவார்கள். முதலில் சிவப்புக் குறிகளைச் சரி செய்யுங்கள், மஞ்சள் அப்புறம். உங்கள் கடையில் பெரும்பாலும் படத்துக்கு ஆல்ட், அதாவது கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டப்படும் படக் குறிப்பு, இல்லை என்றுதான் வரும். அதற்காக எல்லாப் படத்துக்கும் 'கருவாடு' என்றே எழுதி வைத்தால் சிவப்பு போய்விடும், ஆனால் வாங்குகிறவருக்கு எது நெத்திலி, எது வாளை என்று எப்படித் தெரியும்? 'நெத்திலிக் கருவாடு, அரை கிலோ பாக்கெட்' என்று எழுதுங்கள். படமும் பெயரும் ஒரே லிங்குக்குள் இருந்தால் ஆல்ட்டைக் காலியாக விடலாம், இல்லையென்றால் ஒரே பெயரை இரண்டு தடவை கேட்க வேண்டிவரும்.

ராமேஸ்வரம், விடுதி: குரோமில் இருக்கும் சோதனை டூல் லைட்ஹவுஸில் 100க்கு 100. ஆனாலும் ஒருவர் போன் போட்டு ரூம் புக் ஆகவில்லை என்கிறார்.

அந்த 100, இயந்திரத்தால் பார்க்க முடிந்தவற்றுக்கு மட்டும் போட்ட மார்க். கையால் சோதிக்க வேண்டியவை என்று லைட்ஹவுஸே கீழே ஒரு பட்டியல் தருகிறது, அதை யாரும் திறப்பதில்லை. மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் கீயை மட்டும் தட்டிக்கொண்டே போய் ஒரு ரூம் புக் செய்து பாருங்கள். எனக்கு சந்தேகம் தேதி காலண்டர் மேல்தான். அது கிளிக் செய்தால் மட்டும் திறக்கிற மாதிரி கட்டப்பட்டிருக்கும், டேப் அதைத் தாண்டி ஓடிவிடும். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு தெரிகிறதா என்றும் கவனியுங்கள். அழகைக் கெடுக்கிறது என்று டிசைனர்கள் முதலில் எடுத்துவிடுவது அதைத்தான்.

கீழக்கரை, பள்ளி: காக்கா, எங்கள் பக்கம் முழுக்கத் தமிழ். டூல் ஒரு தப்பும் காட்டவில்லை. நம்பலாமா?

நம்பாதீர்கள் தம்பி. தமிழ்ப் பக்கங்களில் டூல் கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. ஒன்று, பக்கத்தின் மொழி. டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று போட்டிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மொழியே குறிப்பிடவில்லை என்றால் வேவ் சொல்லும், தப்பான மொழி குறிப்பிட்டிருந்தால் சொல்லாது. திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் பார்த்துத் திணறும்.

இதைவிட மோசம் பாமினி மாதிரி பழைய ஃபான்ட். திரையில் அழகான தமிழ் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். கண்டுபிடிப்பது சுலபம். சுற்றறிக்கையிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள், தமிழாகவே வந்தால் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் எழுத்து முறை, குப்பையாக வந்தால் மாற்றியே ஆக வேண்டும். காப்பியே செய்ய முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த பிடிஎஃப், வெறும் படம். தலைமையாசிரியர் கையெழுத்தும் சீலும் தெரிய வேண்டும் என்பார்கள், சரி, அது இருக்கட்டும், பக்கத்திலேயே டைப் செய்ததையும் போடுங்கள்.

மண்டபம்: காற்று எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது, அப்படியே எங்கள் சங்கப் பக்கத்தில் ஏற்றுகிறோம்ணே.

படத்துக்குக் கீழே நாலு வரி டைப் செய்யுங்கள். 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் காற்று, கடலுக்குப் போக வேண்டாம்', கூடவே தேதியும் எந்தக் கடல் பகுதி என்பதும். ஆல்ட்டில் 'எச்சரிக்கை' என்று ஒற்றைச் சொல் இருந்தாலும் டூல் திருப்தியாகிவிடும், ஆனால் அதை வைத்து யாரும் படகை நிறுத்த முடியாது. டைப் செய்த எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம், சிக்னல் மந்தமான இடத்தில் படத்துக்கு முன்னால் திறந்தும் விடும்.

தொண்டி: 'கான்ட்ராஸ்ட்' பிழை மட்டும் ஏகப்பட்டது வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடக்கூடாது. கான்ட்ராஸ்ட் என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து, கலர் எண்ணில் 999999 என்று ஒன்பதை ஆறு தடவை போட்டது, 2.85தான் வரும். வேவிலேயே கலரை நகர்த்தி எங்கே பாஸ் ஆகிறது என்று பார்க்கலாம். உச்சி வெயிலில் படகுத் துறையில் நின்று போனைப் பார்க்கிறவருக்கும் இது உதவும். கடல் போட்டோ மேல் எழுத்து வைத்திருந்தால் டூலால் கணக்குப் போட முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடி, கருப்பட்டி விற்பனை: சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. எல்லோரும் அணுகும்படி சேவை தர வேண்டும் என்று அதன் 46ஆவது பிரிவு அரசு, தனியார் இரண்டு தரப்பையும் சொல்கிறது. இணையச் சேவைகளை அணுகும் உரிமை, வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

தங்கச்சிமடம்: ஸ்கிரீன் ரீடர் போட்டு நானே கேட்டுப் பார்க்கலாமா அண்ணே?

தாராளமாக. கம்ப்யூட்டருக்கு என்விடிஏ இலவசம், ஹெச் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஆன் செய்யும் முன் நிறுத்தும் வழியைப் படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆன் ஆனதும் ஒரு தட்டு தட்டினால் பெயரை மட்டும் சொல்லும், இரண்டு தட்டினால்தான் திறக்கும், போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.