பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே கிட் சர்வர் வைப்பது நல்லதா?

துறைக்கு ஒரு கிட் சர்வர் (நிரல்களையும் அவற்றில் செய்த மாற்றங்களின் வரலாற்றையும் சேர்த்து வைக்கும் கணினி) ஓடுகிறது, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று அமைக்கலாமா, இல்லை இதே வேலையை இணையத்தில் செய்து தரும் கிட்ஹப்பே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவாக ஒன்று என்பதே என் கட்சி. இப்படிப்பட்ட சர்வரை நாமே நடத்த உதவும் கிட்லேபின் சமூகப் பதிப்பு திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகக் கணக்கிலேயே உள்நுழையும்படி எல்டாப்புடன் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் சரிபார்க்கும் முறை) இணைத்துவிடலாம். படிப்பு முடித்துப் போகும் மாணவரின் நிரல் அவரோடு போய்விடாமல், ஆய்வுக் குழுவின் பெயரிலேயே இருக்கும். வெளியிடத் தயங்கும் தரவும் உங்கள் வளாகத்திலேயே தங்கும். கிட்ஹப்பிலோ, கிட் வழியாக 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்ற முடியாது.

நிறுவுவது எளிது, பராமரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறிப்பாக பேக்கப். கிட்லேபின் பேக்கப் கட்டளை, மறையாக்கச் சாவிகள் உள்ள கோப்பைச் சேர்த்துக்கொள்ளாது. அதைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால், சர்வர் போனபின் இருபடி உள்நுழைவு வைத்தவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். மீட்டுப் பார்த்தும் பழகுங்கள்: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனமே தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, பேக்கப்புகள் பல வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று.

தானியங்கிச் சோதனைகளை ஓட்டும் ரன்னர் என்னும் நிரல்களைத் தனிக் கணினியில் வையுங்கள், மாணவர் எழுதும் எந்த நிரலும் அதில் ஓடும் அல்லவா.

அப்புறம் ஆள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல முழுநேரமாக ஒருவராவது வேண்டும். பிரிட்டனில் 2012 வாக்கில் ஆய்வுக்கான மென்பொருளைக் கவனிப்பவர்களுக்கு 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்று ஒரு பதவிப் பெயரே உருவானது. சர்வர் வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகம் இந்தச் சம்பளத்தில்தான் பெரும்பாலும் கை வைக்கும்.