போதகர் சபைமுன் தவறை ஒப்புக்கொள்ளும்போது

கேள்வி: எங்களுடையது சுமார் 180 பேர் கூடும் சுயாதீன சபை. கட்டட நிதியிலிருந்து 3 லட்சம் ரூபாயை எடுத்துச் சொந்தக் கடனை அடைத்ததைப் போதகரே ஒப்புக்கொண்டார். வரும் ஞாயிறு ஆராதனையில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்கிறார்கள் மூப்பர்கள். ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: அந்த வசனம் (சங்கீதம் 105:15), ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை அந்நிய ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பற்றியது. கணக்குக் கேட்பதை அது தடுக்கவில்லை. அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா என்பதால் சவுலின்மேல் கைபோடாத தாவீதே, அறுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி அவனிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டான். 1 தீமோத்தேயு 5:19-20ஐ முழுசாகப் படியுங்கள்: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் பிராதை ஏற்கக்கூடாது, பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஞாயிறு வேண்டாம். 3 லட்சம் என்பது அவர் சொன்ன தொகை மட்டுமே. போதகருக்கு உறவில்லாத, வெளி ஆடிட்டர் ஒருவர் மூன்று வருட பாஸ்புக், ரசீதுப் புத்தகம், வவுச்சர்களைப் பார்க்கட்டும். அதுவரை போதகர் காசோலையில் கையெழுத்திடவும் வேண்டாம், பிரசங்கிக்கவும் வேண்டாம். அவசரப்பட்டால் சபையே அழுது, மன்னித்து, ஜெபித்து முடித்துவிடும். அடுத்த மாதம் இன்னொரு தொகை வெளிவரும்போது, கேட்பவருக்குத்தான் ‘மனக்கசப்பு பிடித்தவர்’ என்று பெயர் வரும்.

ஆடிட்டர் பார்த்து முடித்த பிறகு, போதகர் தன் பாவ அறிக்கையை எழுதி வாசிக்க வேண்டும். ‘சத்துரு சோதித்தான்’, ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ இரண்டையும் அடித்துவிடுங்கள். இப்படி இருக்கட்டும்: “கட்டட நிதியிலிருந்து 3,00,000 ரூபாயை மூப்பர்களுக்குத் தெரியாமல் எடுத்தேன். பொருளாளர் கேட்டபோது சிமெண்டுக்குக் கொடுத்ததாகப் பொய் சொன்னேன். மாதம் 15,000 வீதம் 20 மாதத்தில் திருப்பித் தருவேன்.” பெரும்பாலும் விடுபடுவது அந்த நடு வாக்கியம்தான். பணம் எடுத்ததைச் சொல்லிவிடுவார்கள், மறைத்ததைச் சொல்லமாட்டார்கள். சபையின் நம்பிக்கை உடைந்ததோ மறைத்ததில்.

மூப்பர்களும் தங்கள் பங்கைச் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த, பிரபல கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சகரியாஸ்மேல் எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகளை, அவர் இறந்த பின்பும் 2020இல் அவருடைய ஊழிய அமைப்பு மறுத்தது. வெளி சட்ட நிறுவனம் விசாரித்து உறுதிசெய்த பிறகே, 2021 பிப்ரவரியில், அவர்மேல் வைத்த தவறான நம்பிக்கையால் கண்காணிப்பு குறைந்துபோனதை நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. உங்கள் மூப்பர்கள் வவுச்சர் பார்க்காமலே கையெழுத்திட்டிருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லட்டும்.

சபை மன்னித்தாலும் சட்டப் பொறுப்பு நீங்காது, வழக்கறிஞரைக் கேளுங்கள். (குழந்தைகள்மீதான பாலியல் குற்றமானால் இந்த வழியே பொருந்தாது. போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும்.)

இனி காணிக்கையை, ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் ஆலயத்திலேயே எண்ணிக் கையெழுத்திடட்டும். மாதக் கணக்கு அறிவிப்புப் பலகைக்கு வரட்டும். இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள்: முதலில் கணக்குக் கேட்டவர் செய்தது சரி என்று போதகர் தன் வாயாலேயே சபைமுன் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் சபையை விட்டுப் போவது அவராகத்தான் இருக்கும்.