பழைய ஸ்மாக்கைப் பிரித்துப் புதியது தைப்பது: கேள்வி பதில்

நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தது துணியும் தையலும். அதற்குள் வருவதை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

கேள்வி: தலைவழியாக மாட்டும் பருத்தி ஸ்மாக் (காற்றைத் தடுக்கும் தொளதொள வெளிச்சட்டை) ஒன்றைப் பதினைந்து வருடமாகப் போடுகிறேன். தோள்பட்டையில் துணி சல்லடையாகிவிட்டது. அதே அமைப்பில் இப்போது யாரும் விற்பதில்லை. இதைப் பார்த்தே புதிதாகத் தைக்க முடியுமா?

முடியும். அந்தப் பழைய ஸ்மாக்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அளவுத்தாள். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதல் விஷயம், முழுவதையும் பிரிக்க வேண்டாம், ஒரு பாதியை மட்டும் பிரியுங்கள். வலப்பக்கக் கை, வலப்பக்க உடல், தலைமூடியில் பாதி, அவ்வளவு போதும். மறுபாதி தைத்தபடியே இருக்கட்டும். எந்தத் தையல் முதலில் போடப்பட்டது, எது எதன்மேல் மடிந்திருக்கிறது என்ற சந்தேகம் நள்ளிரவில்தான் வரும். அப்போது அந்த மறுபாதிதான் பதில் சொல்லும். நான் முதலில் பிரித்த ஸ்மாக்கை ஒரே மூச்சில் துண்டு துண்டாக்கிவிட்டேன். தலைமூடியின் வாய்ப்பட்டியில் கயிறு எந்த மடிப்புக்குள் ஓடியது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது.

பிரிப்பதற்கு முன்பே தையலின் இருபுறமும் எதிரெதிராகச் சிறு கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். பிரித்த துண்டுகளை இழுக்காமல், மேலிருந்து அழுத்தி மட்டும் இஸ்திரி போடுங்கள். முழங்கை உப்பியிருக்கும், அதை அளவாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் நெடுக்கு இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். இழை கோணினால் கை முறுக்கிக்கொள்ளும்.

மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் துணியையும் கவனியுங்கள். என்னுடையது வெளியே சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. மணிக்கட்டு மடிப்பைப் பிரித்தபோது உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு வாங்கிய நாளின் கரும்பச்சை அப்படியே இருந்தது, நெசவு நெருக்கமும் குலையவில்லை. புதுத்துணி தேடும்போது அந்தத் துண்டைத்தான் கையில் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம், பழைய குறையை அப்படியே நகலெடுக்காதீர்கள். உங்கள் துணி தோளில் தேய்ந்ததற்குப் பையின் பட்டைதான் காரணம். தோளின் உச்சியில் தையல் இருந்தால் பட்டை அதன்மேலேயே உரசும், மழைநீரும் அதன் வழியே இறங்கும். தையலை முன்புறமாக நான்கு விரல் தள்ளி, தோள்மேல் இன்னொரு அடுக்குத் துணி கொடுங்கள். இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள்; அடிவிளிம்பு இடுப்புக்கு மேல் ஏறினால் அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று சேர்க்க வேண்டும். இதையெல்லாம் பழைய போர்வைத்துணியில் ஒருமுறை தைத்து, உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சரிபார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரி வையுங்கள்.

நல்ல துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் துவைத்துக் காயவையுங்கள்.

கேள்வி: ஜிப் மூடிய பிறகு பின்னாலேயே பிளக்கிறது. ஜாக்கெட்டையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர்தான், பல் அல்ல. ரன்னரின் இரு ஓரங்களையும் குறட்டால் மெதுவாக, மாறி மாறி அழுத்திப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணும் அதே பல்வகையும் கொண்ட ரன்னரை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: மழை ஜாக்கெட்டின் உட்புறம் பிசுபிசுக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது. மேலே ஏதாவது பூசலாமா?

அது பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளையே சிதைத்துவிட்டன. அதன்மேல் எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்து உரிந்துவிடும். ஜிப், கொக்கி, கயிறு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, துணியை அளவுத்தாளாகப் பயன்படுத்துங்கள். அடுத்ததையாவது ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள்.

கேள்வி: புதிய ஸ்மாக்குக்கு எந்தத் துணி?

மழையைவிடக் காற்றும் முள்ளும் நெருப்புப் பொறியும் அதிகம் என்றால் நெருக்கமாக நெய்த பருத்தி. அதில் எனக்கு மிகப் பிடித்தது வென்டைல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது. தீயணைப்புக் குழாய்க்கு ஆளி நாருக்குப் பதிலாகப் பருத்தியைப் பயன்படுத்த முடியுமா என்ற தேடலில் தொடங்கி, கடலில் விழும் விமானிகளின் உடுப்பில் போய் நின்றது. ரப்பரோ மெழுகோ கிடையாது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்திருப்பார்கள். நனைந்ததும் இழை உப்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும்.

இதைத் தைக்கும்போது மெல்லிய, கூர்மையான ஊசி வேண்டும். குண்டூசி குத்திப் பிடிக்காதீர்கள், அந்த ஓட்டை மூடுவதில்லை. துணிக் கவ்வியால் பிடியுங்கள். பருத்தி சுற்றிய பாலியஸ்டர் நூல் நல்லது. நூலும் நனைந்து உப்பி, ஊசி போன வழியை அடைக்கும். பிசிறு வெளியே தெரியாதபடி ஒரு ஓரத்தை மற்றொன்றுக்குள் மடித்து இரட்டைத் தையல் போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் துவையுங்கள்.

கேள்வி: இதெல்லாம் பழம்பெருமை இல்லையா? கோர்டெக்ஸ் என்ற நீர்புகாத் துணி வந்த பிறகு பருத்தியைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்? நனைந்த பருத்தி உயிரைக் குடிக்கும் என்பதுதானே பாடம்?

அந்தப் பாடம் உடம்பை ஒட்டிய உட்சட்டைக்குச் சரி. வெளியே போடும் காற்றுத் தடுப்புக்கு அப்படியே பொருந்தாது. 1924-இல் பிரிட்டிஷ் மலையேறி மேலரி எவரெஸ்ட்டில் போட்டிருந்தது கேபர்டீன் என்ற நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. 1953-இல் உச்சி தொட்டவர்களின் காற்றுத்தடுப்பு உடை பருத்தியும் நைலானும் கலந்து நெய்தது.

கோர்டெக்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் பி.டி.எஃப்.இ (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்)-யை வெடுக்கென்று இழுத்து நீட்டியதில் பிறந்த நுண்துளைப் படலம் அது. துளி நுழையாது, நீராவி வெளியேறும். ஆனால் வெளித்துணியின் நீர்விலக்கி (துளியை உருண்டோடச் செய்யும் பூச்சு) போய்விட்டால் மேலே ஈரம் தேங்கி, உள்ளே வியர்வை அடைந்துவிடும். “ஜாக்கெட் ஒழுகுகிறது” என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கேள்வி (அதே நண்பர்): நாள் முழுக்கக் கொட்டும் மழையில் உங்கள் ஒற்றை அடுக்கு வென்டைல் நிற்குமா?

நிற்காது. சில மணி நேரத்தில் நனையும், கனக்கும், விறைக்கும், காய நேரம் எடுக்கும். இதில் நீங்கள் சொல்வது சரி. இரண்டு அடுக்காகத் தைத்தால் வெகுநேரம் தாங்கும், எடையும் கூடும். அடைமழைக்குப் படல ஜாக்கெட்டைப் பையில் வையுங்கள். மற்ற நாளெல்லாம் உடம்பில் கிடப்பது ஸ்மாக். அது கிழிந்தால் நானே ஒட்டுப் போடுகிறேன். படலம் பிரிந்துபோன ஜாக்கெட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

கேள்வி: துணி புதிதுதானே, அதையும் துவைக்க வேண்டுமா?

ஆமாம்.

கேள்வி: கூடாரத்தின் தரைவிரிப்பை எப்படி ஒட்டுவது?

கூடாரம் என் துறை இல்லை. அதைச் சரிசெய்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மெழுகு ஏற்றிய ஜாக்கெட்டை இயந்திரத்தில் துவைக்கலாமா?

கூடாது. சோப்பும் வெந்நீரும் மெழுகைக் கழற்றிவிடும். குளிர்ந்த நீரில் கடற்பஞ்சை நனைத்துத் துடையுங்கள். வெளுத்த இடத்தில் மெழுகைத் தேய்த்து, தலைமுடி உலர்த்தியின் சூட்டில் துணிக்குள் இறக்குங்கள். தையல்மேல் இரண்டு முறை. நெருப்பருகே இதைப் போட்டு உட்காராதீர்கள். வெறும் பருத்தியைவிட மெழுகுத்துணி எளிதில் பற்றும்.

கேள்வி: தொளதொளப்பாகத் தைத்துவிட்டால் துவைக்காமலே வெட்டலாம் அல்லவா?

நான்காவது முறையாகச் சொல்கிறேன். நெடுக்கும் குறுக்கும் ஒரே அளவில் சுருங்காது, அதனால் தொளதொளப்பு காப்பாற்றாது. கை குட்டையாகும், ஜிப் ஓரம் அலை அலையாக நிற்கும். வெட்டிய பிறகு அதற்கு மருந்து இல்லை.

கேள்வி: படல ஜாக்கெட்டைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி போடலாமா?

போடவே கூடாது. அதன் படிவு நீர்விலக்கியைக் கெடுக்கும். படலத் துணிக்கென்றே உள்ள திரவத்தில் துவைத்து, நன்றாக அலசி, துவைப்புக் குறிப்பு அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் இருபது நிமிடம் சுழலவிடுங்கள். பழைய நீர்விலக்கி மீண்டும் வேலை செய்யத் தொடங்கலாம்.

கேள்வி: அப்பாவின் ஸ்மாக். மணிக்கட்டு மட்டும் நைந்திருக்கிறது. பிரிக்க மனமில்லை.

பிரிக்க வேண்டாம். நைந்த விளிம்பை உள்ளே மடித்து, மேலே மெல்லிய பருத்திப் பட்டி வைத்துச் சுற்றிலும் தையுங்கள். கை அரை அங்குலம் குறையும், அவ்வளவுதான். பட்டிக்கான துணியை உள்பையின் அடியிலிருந்தே எடுக்கலாம். வெயில் படாத அந்தத் துணி இன்னும் வலுவாகவே இருக்கும்.