கம்பெனியின் பெயரில் அமெரிக்கப் பங்கு: மிச்சமா, நஷ்டமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மனைவியும் தானுமாக ஒரு சிறிய மென்பொருள் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கார்ப்பரேட் வரி போகக் கம்பெனிக் கணக்கில் 40 லட்சம் ரூபாய் தேங்கியிருக்கிறது. அதற்குக் கம்பெனியின் பெயரிலேயே அமெரிக்கப் பங்குகளை வாங்கிவைத்தால், டிவிடெண்டாக எடுத்து மறுபடியும் வரி கட்டும் செலவு மிச்சமாகாதா என்பது அவர் கேள்வி.

முதலில் சட்டம். 2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் உள்ள ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டுச் சந்தைப் பங்குகளைச் சிறு அளவில் வாங்கி வைத்திருக்க, கம்பெனிகளில் இந்தியப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவைக்கே அனுமதி உண்டு. அதுவும் கம்பெனியின் நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 50 சதவீதம் வரைதான். பட்டியலிடப்படாத உங்கள் கம்பெனிக்கு உரிமைப் பங்கு, போனஸ் பங்கு, நிறுவன இணைப்பு போன்ற வழிகளில் வந்து சேர்ந்தால் ஒழிய அந்த வாய்ப்பு இல்லை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பங்குகளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ எடுக்கும் நேரடி முதலீடு உங்கள் நோக்கத்துக்குப் பொருந்தாது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் அமைந்த முதலீட்டு ஃபண்டுகளின் யூனிட்டுகளைக் கம்பெனி வாங்கலாம். அவற்றின் குறைந்தபட்சத் தொகையையும் நிர்வாகக் கட்டணத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் மிச்சம் வந்திருக்குமா? கம்பெனி 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, 24 மாதங்களுக்கு மேல் கழித்து 200 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் ஆதாயத்தில் 12.5 சதவீத வரி, அந்த வரியின் மேல் விழும் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள் எல்லாம் சேர்ந்து 14.30 ரூபாய் போகும் (கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தில் இருப்பதாகக் கொள்கிறேன்). மீதி 185.70 ரூபாயை 30 சதவீத வரம்பில் இருக்கும் நீங்கள் டிவிடெண்டாக எடுத்தால், செஸ்ஸோடு 31.2 சதவீதம் கழிந்து கையில் நிற்பது 127.76. மாறாக, அதே 100 ரூபாயை இன்றே டிவிடெண்டாக எடுத்து, மிஞ்சும் 68.80 ரூபாயைச் சொந்தப் பெயரில் போட்டு அது இரட்டிப்பானால், ஆதாயத்தில் 13 சதவீதம் கட்டிய பிறகு 128.66 நிற்கும். வரியைத் தள்ளிப்போட்டதால் வந்த லாபம் முழுவதையும், ஆதாயத்தின் மேல் இரண்டு முறை விழும் வரி தின்றுவிடுகிறது. ஆடிட்டர் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஆகவே, எடுக்கும் விதத்தில்தான் சிக்கனம் இருக்கிறது. டிவிடெண்டை இரண்டு நிதியாண்டுகளுக்குப் பிரித்தால், இருவரில் எவருடைய மொத்த வருமானமும் 50 லட்சத்தைத் தாண்டாமல் சர்சார்ஜைத் தவிர்க்கலாம். உங்கள் மனைவியின் பங்குகள் அவருடைய சொந்தப் பணத்தில் வாங்கியவையாக இருப்பது முக்கியம். நீங்கள் பரிசாகக் கொடுத்தவை என்றால், அந்த டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். தனிநபர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடியதே என்றாலும், அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். இருவரும் மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை, தலைக்குப் பத்துப் பத்து லட்சத்துக்குள் அனுப்பினால் டி.சி.எஸ். தொல்லையே இல்லை, வங்கிக் கட்டணமும் நான்கு முறையோடு முடியும். ஒவ்வொரு மாதமும் சிறுகச் சிறுக அனுப்புவதுதான் செலவை ஏற்றும். வங்கி சொல்லும் டாலர் விலையை அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பேரம் பேசுங்கள்.

கணக்கு தொடங்கும்போது, நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று உறுதிசொல்லும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்தால், அமெரிக்க டிவிடெண்டில் 30க்குப் பதில் 25 சதவீதமே பிடிப்பார்கள். அதை இங்கே வரியில் ஈடுசெய்ய, அதற்கான படிவத்தை (2025-26 நிதியாண்டு வருமானம் வரை படிவம் 67) தாக்கல் செய்ய வேண்டும்.

கம்பெனிப் பெயரை ஆலோசிப்பவர்கள் பலரின் மனதில் இருக்கும் அச்சம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கு வசிப்பவராகவோ இல்லாதவர் இறந்தால், 60,000 டாலருக்கு மேலான அமெரிக்கப் பங்குகளுக்கு 40 சதவீதம் வரை எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மேல் விழும் வரி) உண்டு. இதற்கு இந்தியாவுடன் ஒப்பந்தம் இல்லை. உங்கள் தொகை அந்த வரம்பை நெருங்கும்போது, அதே அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் அயர்லாந்து இ.டி.எஃப்.களுக்கு (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) மாறிக்கொள்ளுங்கள், அவை அந்த வரிக்குள் வருவதில்லை.