தானாகவே நடிப்பவர்கள்

கேள்வி: சொந்த வாழ்க்கையைத் திறந்து காட்டும் சுயாதீனப் படம் எடுக்கிறோம். நடிகர் அல்லாதவர்கள் கேமரா முன் விறைத்துப்போகிறார்களே, என்ன செய்வது?

பதில்: வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், ஒப்பிக்கும்போதுதான் குரல் மாறும். சூழலை மட்டும் சொல்லி, கை பழகிய வேலையைக் கொடுங்கள். பூக்காரம்மா கட்டிக்கொண்டே பேசட்டும். கண் நாரில் இருந்தால் லென்ஸ் மறந்துபோகும். பெரும்பாலும் முதல் டேக்கில்தான் உயிர் இருக்கும். அதனால், சொல்லிவிட்டு ஒத்திகையையும் பதிவு செய்யுங்கள்.

ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி, 'க்ளோஸ்-அப்' (1990) படத்தில், தன்னை ஒரு பிரபல இயக்குநர் என்று சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றி வழக்கில் சிக்கிய சப்ஸியானை அவராகவே நடிக்க வைத்தார். நீதிமன்றக் காட்சியில், ஒரு கேமரா அவருடைய முகத்துக்கு மட்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டார். அந்த வெளிப்படைதான் முக்கியம். எதெது திரையில் வரும் என்று எழுதி, முன்பே ஒப்புதல் வாங்குங்கள். எடிட் முடிந்ததும் போட்டுக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்குங்கள்.