துன்பத்தில் இறைவனை நம்புவது எப்படி? திருமுறை வழியே சில கேள்வி பதில்கள்

நோயிலும் இழப்பிலும் வேலையின்மையிலும் சிக்கித் தவிக்கும் அன்பர்கள் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அனுப்பிய கேள்விகளுக்கு, சிவனைப் பாடிய நூல்களின் தொகுப்பான திருமுறைக்குப் பல ஆண்டுகளாக வகுப்பு நடத்தி வருபவன் என்ற முறையில் இங்கே விடை எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி: ஐயா, வணக்கம். என் கணவருக்கு இனிப்பு நீரால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறோம். ஒவ்வொரு தைப்பூசத்திற்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவர்கள் நாங்கள். என்ன குறை வைத்தோம்?

அம்மா, குறை வைத்ததால்தான் நோய் வந்தது என்ற எண்ணத்தை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். அப்பர் என்றும் அழைக்கப்படும் நாவுக்கரசரின் வரலாறு அந்த எண்ணத்திற்கு இடம் கொடுக்கவில்லை. சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தவரைச் சூலை என்னும் கடும் வயிற்று நோய் பற்றியது. அந்த வலியோடு திருவதிகைக்கு வந்து அவர் பாடிய முதற்பதிகமே நான்காம் திருமுறையின் தொடக்கமாக இருக்கிறது. 'கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நானறியேன்' என்று அது தொடங்குகிறது. எமனைப் போல வந்த இந்த நோயை நீர் விலக்காமல் இருக்கிறீர், நான் என்ன கொடுமைகள் செய்தேனோ எனக்கே தெரியவில்லை என்கிறார். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார். குடலோடு பின்னி முடக்கும் வலியை அவர் ஒளிக்கவும் இல்லை, அழகுபடுத்தவும் இல்லை. 'ஆற்றேன் அடியேன்' என்று சொல்லிவிடுகிறார்.

சூலை தீர்ந்தது. ஆனால், பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்ததும், நஞ்சு கலந்த சோற்றைக் கொடுக்கச் செய்ததும், யானையை ஏவியதும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதும் அதற்குப் பிறகுதான் நடந்தன. சிவனிடம் வந்த பின்னரே அவருடைய பெருந்துன்பங்கள் தொடங்கின என்பதைப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் மறைக்கவில்லை. ஆகவே, துன்பம் வந்ததைக் கொண்டு இறைவனின் கோபத்தை அளக்க முடியாது.

சுத்திகரிப்பு மையம் ஒன்றில் நான் பார்த்த ஒரு பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடக்கையில் இரண்டு ஊசிகள் செருகப்பட்டிருக்க, குழாய் வழியே இரத்தம் வெளியேறித் திரும்பிக்கொண்டிருந்த அந்த நான்கு மணி நேரமும், அவர் போர்வைக்கு அடியில் வலக்கை விரல் கணுக்களால் 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இயந்திரம் ஒலி எழுப்பியபோதும் எண்ணிக்கையை விடாமல் தாதியை நோக்கித் தலையை மட்டும் அசைத்தார். உங்கள் கணவருக்கு மனம் இருந்தால் அந்த நேரம் அவருக்கும் உதவக்கூடும். மனமில்லாத நாளில் அவர் உறங்கட்டும். அதனால் ஒரு குற்றமும் இல்லை.

செந்தூலிலிருந்து ஒருவர்: மேலே உள்ள பதிலைப் படித்தேன். அப்படியானால், 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்று அப்பர் பாடியது எப்படி உண்மையாகும்?

நல்ல கேள்வி. அந்தப் பாடல் பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். மன்னனின் அமைச்சர்கள் தம்மை அழைத்துப் போக வந்து நின்றபோதுதான் 'நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்' என்று தொடங்கி அவர் அதைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். துன்பங்களெல்லாம் முடிந்து நிம்மதியாக உட்கார்ந்தபோது பாடியது அன்று. அவை வாசலில் வந்து நின்றபோது பாடியது. அதன் பிறகு காளவாயின் வெப்பத்துக்குள் இருந்துகொண்டு, ஈசன் திருவடி நிழல் 'மாசில் வீணையும் மாலை மதியமும்' போன்றது என்றார். தீங்கு எதுவும் நேராது என்று அவர் சொன்னதாக நான் கொள்ளவில்லை. நேர்ந்த தீங்கு தம்மையும் தம் தலைவனையும் பிரிக்க முடியாது என்ற உறுதியையே அவர் இன்பம் என்றார். அந்த உறுதி ஒரே நாளில் வந்ததும் அன்று. 'ஆற்றேன்' என்று கதறிய அதே நாவில்தான் பின்னர் 'அஞ்சோம்' என்ற சொல் வந்தது.

பாயான் லெப்பாஸிலிருந்து ஓர் இளைஞர்: தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது என் பெயரும் பட்டியலில் இருந்தது. வீட்டுக் கடன் இருக்கிறது. கோபத்தில் சாமி படத்திற்கு முன்னால் நின்று திட்டிவிட்டேன். அதன் பிறகு கோயிலுக்குப் போகவே கூசுகிறது. இது பாவமா?

தம்பி, நீங்கள் திட்டியதைவிடக் கூர்மையாகத் திட்டியவர் நம் சமயக் குரவர் நால்வரில் ஒருவர். ஒற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறி ஊரைக் கடந்த சுந்தரர் இரண்டு கண்களும் ஒளி இழந்தார். தவறு தம்முடையது என்று அறிந்தும் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. திருவெண்பாக்கத்தில், கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். 'உளோம் போகீர்' என்ற மறுமொழியும் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தன. காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. திருவாரூருக்கு வந்து, 'மீளா அடிமை உமக்கே ஆளாய்' என்று தொடங்கி, அடியார்கள் உள்ளே கனன்று முகம் வாடித் தங்கள் அல்லலைச் சொல்லும்போது நீர் சும்மா இருப்பீரானால் 'வாழ்ந்து போதீரே' என்றார். நாங்கள் எக்கேடு கெட்டாலும் நீர் நன்றாக இரும் என்பதுதானே அதற்குப் பொருள்? அந்தப் பதிகத்தை ஏழாம் திருமுறையில் வைத்து இன்றும் ஓதுகிறோம். மற்றக் கண்ணும் அங்கேதான் கிடைத்தது.

இறைவன் இல்லை என்று எண்ணுபவர் யாரிடம் கோபித்துக்கொள்வார்? உங்கள் கோபத்திற்குள் நம்பிக்கை இருக்கிறது. அதனால் கூச வேண்டாம். கோயிலுக்குப் போய், வீட்டில் சொன்னதை அங்கேயும் சொல்லுங்கள். சுந்தரருக்கு முதலில் கிடைத்தது கண் அன்று, கோல்தான் என்பதையும் மறக்க வேண்டாம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியில் பங்களித்திருந்தால் அதற்கான விண்ணப்பத்தை நாள் கடத்தாமல் அனுப்புங்கள்; கடன் தவணை பற்றி வங்கியிடம் இப்போதே பேசுங்கள். இப்போதைக்கு அவற்றையே ஊன்றுகோலாகக் கொள்ளலாம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு சகோதரி: என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். உறவினர்கள், "முன்வினை, அனுபவித்துத்தான் கழிக்க வேண்டும், மருத்துவத்தால் வினையைத் தடுக்க முடியாது, விரதம் இருக்கட்டும்" என்கிறார்கள். அக்காவும் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறார். இது சைவ சித்தாந்தம்தானா?

அல்லம்மா. இதைத் தயங்காமல் சொல்லுகிறேன்: உங்கள் அக்கா மருத்துவமனையில் கொடுத்த தேதியில் சிகிச்சைக்குப் போக வேண்டும். விரதம் இருக்க விரும்பினாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இருக்க வேண்டும்.

வினை உண்டு என்பது சித்தாந்தம்தான். ஆனால், வினையைக் காட்டி மனிதரை முடக்கிப் போடுவதை நால்வரில் மற்றொருவரான சம்பந்தர் அன்றே கண்டித்திருக்கிறார். கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியது. அந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் வரும் நோய் இது என்று அவர்கள் சொன்னபோது அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். 'அவ்வினைக்கு இவ்வினையாம் என்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே' என்கிறார். அந்த வினைக்கு இந்தப் பலன் என்று கணக்குச் சொல்லத் தெரிந்த நீங்கள், உய்யும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். அங்கே அவர் காட்டிய வழி சிவத்தொண்டு என்பது உண்மை. ஆனால், வழி தேடாமல் இருப்பதே குறை என்ற அவருடைய கண்டிப்பு, சிகிச்சையைத் தள்ளிப் போடும் வீட்டுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இறைவனை மருத்துவனுக்கு ஒப்பிடுகிறார். சில நோய்களை மருத்துவன் அறுத்தும் கீறியும் தீர்க்கிறான். சில நோய்களைப் பாலும் கட்டியும் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான். அதுபோல் இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்கிறார். புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதன் என்ற பெயரிலேயே சிவன் வீற்றிருக்கிறான். இறைவனை மருத்துவனாகக் கண்ட சமயத்தைச் சேர்ந்தவர்கள் மருத்துவரிடம் போகாதே என்று சொல்வது முறையாகாது.

உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வினைக் கொள்கை ஒருவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளப் பயன்பட வேண்டியது. படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று அவருடைய முற்பிறவிக் கணக்கைப் படிக்க நமக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, சிகிச்சை நாட்களில் அக்காவின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் வீட்டில் சமைத்து வைக்கவும் முன்வருவார்களானால், அந்தத் தொண்டில் இறைவனின் கருணையை அக்கா கண்ணாலேயே பார்ப்பார்.

கெலுகோரிலிருந்து ஒருவர்: ஒரு பெரிய பரிகாரம் செய்தால் கஷ்டம் தீரும் என்கிறார்கள். ஐயாயிரம் ரிங்கிட் ஆகுமாம். கடன் வாங்கிச் செய்யலாமா?

வேண்டாம். நல்ல தண்ணீரும் கைக்கு எட்டிய பூவும் வழிபாட்டுக்குப் போதும்; கடன் இன்னொரு துன்பத்தைத்தான் கொண்டு வரும்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் ஒரே மகன் சாலை விபத்தில் போய்விட்டான். அப்பூதியடிகளின் மகன் பாம்பு தீண்டி இறந்தபோது அப்பர் பாடி எழுப்பினார் என்று சிறு வயதில் படித்தேன். என் மகனுக்காக நான் மருத்துவமனை வாசலில் பாடினேன். அவன் எழவில்லை. எனக்கு இரவில் வாழவே விருப்பமில்லை.

அம்மா, ஏன் அவன் எழவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு உங்களிடம் வருபவர்களின் பேச்சைக் கேட்டு நீங்கள் மேலும் புண்பட வேண்டாம். உங்கள் பாட்டில் பக்தி குறைந்திருந்தது என்று ஒருவரும் சொல்லத் துணியக் கூடாது.

திங்களூரில் அந்தப் பிள்ளை எழுந்ததைச் சொல்லும் அதே பெரியபுராணம், அப்பரின் சொந்த வீட்டில் இறந்தவர்கள் ஒருவரும் எழவில்லை என்பதையும் சொல்லுகிறது. தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் மறைந்தார். அக்கா திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அடுத்தடுத்து வந்த இந்த இழப்புகளால் திலகவதியாரும் உயிரை விடத் துணிந்தார். தம்பியான அப்பர் அக்காவின் காலில் விழுந்து அழுது, உங்களுக்கு முன்னே நான் போய்விடுவேன் என்றார். 'தம்பியார் உளராக வேண்டும்' என்ற தயவினால் அக்கா உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். அவருடைய துக்கத்திற்கு விளக்கம் கிடைத்ததாகவோ, துக்கம் தீர்ந்ததாகவோ அந்த இடத்தில் அவர் எழுதவில்லை. தம்மை நம்பியிருந்த ஓர் உயிருக்காகத் திலகவதியார் இருந்தார். பின்னாளில் திருவதிகைக் கோயிலை அலகிட்டு மெழுகித் தொண்டு செய்துகொண்டிருந்தார். சூலையோடு வந்து விழுந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்த கை, துக்கத்தைச் சுமந்த அதே கைதான்.

இரவில் வரும் அந்த எண்ணத்தை இன்றே, உங்களுக்கு நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் தனியாகப் படுக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்பார்கள். உயிர் போய்விடுமோ என்று அஞ்சும் நிலை வந்தால் 999 எண்ணை அழையுங்கள். உதவி கேட்பதால் உங்கள் நம்பிக்கை சிறுத்துவிடாது. வழிபாடு இப்போது வாயில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வகுப்பில் நாங்கள் உங்களுக்காக ஓதுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்: அடுத்த வாரம் எனக்கு இதய அறுவை சிகிச்சை. பயமாக இருக்கிறது. பயப்படுவது நம்பிக்கைக் குறைவா?

இல்லை ஐயா. உடம்பு அஞ்சும், அது அதன் இயல்பு. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் 'குழைத்த பத்து' என்ற பகுதியில், என் உயிரையும் உடலையும் உடைமையையும் என்னை ஆட்கொண்ட அன்றே நீ எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டு, 'நன்றே செய்வாய் பிழைசெய்வாய் நானோ இதற்கு நாயகமே' என்று முடிக்கிறார். நல்லது செய்தாலும் பிழை செய்தாலும் அது உன் பொறுப்பு, இதற்கு உரிமையாளன் நான் அல்லன் என்கிறார். அறுவைக் கூடத்திற்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த ஓர் அடி போதும். அதற்கு முன்னால், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்துக் கேட்டுவிடுங்கள். பாதிப் பயம் தெரியாமையால் வருவது.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு சகோதரர்: அம்மா மருத்துவமனையில் நினைவின்றி இருக்கிறார். அவர் பக்கத்தில் எந்தப் பதிகத்தை ஓதலாம்?

அவர் வீட்டில் வழக்கமாக ஓதியது எதுவோ அதையே ஓதுங்கள். பழகிய பாட்டுக்கு ஈடு இல்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால் 'சொற்றுணை வேதியன்' என்ற நமச்சிவாயப் பதிகத்தை ஓதலாம். கல்லோடு கட்டிக் கடலில் விடப்பட்டபோது அப்பர் பாடியது அது. பண் தெரியாவிட்டால் மெதுவாகப் படித்தாலும் போதும். கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே, தாழ்ந்த குரலில் ஓதுங்கள். தாதியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவராகவோ வலியில் துடிப்பவராகவோ இருக்கலாம் என்பதால் ஒலிபெருக்கியோ கைப்பேசிப் பதிவோ வேண்டாம். உங்கள் குரலே அம்மாவுக்குத் தெரிந்த குரல்.